ஸ்டீம் கிளீனருக்குத் தமிழ் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

வெள்ளவத்தையாள் | செவ்வாய், காலை 8.40

எல்லாருக்கும் வணக்கம். 'அவசரம்' என்று தலைப்புப் போட்டால் இந்தக் குழுவில் ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை. அதனால் கடைசி நாளைப் போட்டிருக்கிறேன்.

புறக்கோட்டை வியாபாரி ஒருவர் இறக்கும் சாமானுக்குக் கைந்நூல் தமிழாக்குகிறேன். சாமான் ஸ்டீம் கிளீனர். வயிற்றில் ஒரு லீற்றர் தண்ணீர் பிடிக்கும் சின்னக் கொதிகலன், ஒரு நீளக் குழாய், நுனியில் தூரிகை. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியை ரைல்ஸ் இடுக்கிலும் காஸ் அடுப்பின் எண்ணெய்ப் பிசுக்கிலும் மெத்தையிலும் பீச்சுகிறது. சோப்பு வேண்டாம், மருந்து வேண்டாம்.

சிங்களம் செய்கிறவர் 'ஹுமால' என்று எழுதிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். எனக்கு மாதிரிக்குக் கிடைத்த தமிழ் சென்னையில் செய்தது. அதில் 'நீராவி சுத்திகரிப்பான்' என்று இருக்கிறது. ஒற்று இல்லை, அது வேறு விஷயம். கைப்பிடியில் ஒட்டும் பட்டி 5 சென்ரிமீற்றர். வாசிக்கப்போவது வீட்டுக்காரரோ, வேலைக்கு வரும் அக்காவோ. உதவுங்கள்.

கொட்டாஞ்சேனையான் | செவ்வாய், காலை 9.05

அக்கா, கடையில் போய் ஆரும் தமிழில் கேட்கப்போவதில்லை. அப்படியே ஸ்ரீம் கிளீனர் என்று போட்டுவிடுங்கோ. 'ஆவிச் சுத்தி' என்று மட்டும் போடாதேங்கோ. எங்கட வீட்டில் ஆவி என்றால் பரிசுத்த ஆவி. அம்மா மெழுகுதிரி கொளுத்திவிடுவா.

பௌதிக மாஸ்ரர், தெஹிவளை | செவ்வாய், காலை 9.50

தம்பி, 'ஸ்ரீம்' என்று எங்கட முறையில் எழுதினால் அது லட்சுமியின் பீச மந்திரம். உங்கட அம்மா மெழுகுதிரி கொளுத்த, பக்கத்து வீட்டு அம்மா கற்பூரம் கொளுத்துவா.

சொல்லுக்கு வருவோம். நீராவி வேறு, கொதிநீராவி வேறு. எங்கள் பாடநூலில் காற்றில் கலந்திருக்கும் ஈரம் நீராவி. கொதித்து எழுவது கொதிநீராவி. 31 வருஷம் கரும்பலகையில் எழுதிக் கை தேய்ந்த சொல் அது. கேத்தல் மூக்கில் வெள்ளையாகத் தெரிவதைக் காட்டி 'இதுதான் கொதிநீராவி' என்று சொல்லாத பிள்ளை இல்லை. அது குளிர்ந்து ஒடுங்கிய நீர்த்துளி. மூக்குக்கும் அந்த வெள்ளைக்கும் நடுவில் ஒன்றும் தெரியாத ஒரு விரல் இடைவெளி இருக்கிறதே, அதுதான் அசல் கொதிநீராவி. கை வெந்துபோவதும் அந்த இடத்தில்தான். ஆகவே கொதிநீராவி என்பதை விடவேண்டாம். மிச்சத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொல்லாய்வான், பம்பலப்பிட்டி | செவ்வாய், முற்பகல் 11.30

மிச்சத்தை நான் பார்க்கிறேன்.

'சுத்திகரிப்பான்' மூன்று இடத்தில் பிழை. ஒன்று, சுத்திகரிப்பு என்றால் கலப்பை நீக்குவது. சப்புகஸ்கந்தை எண்ணெய் ஆலையில் நடப்பது சுத்திகரிப்பு. குசினியில் நடப்பது துப்புரவு. இரண்டு, சுத்தம் வடசொல். மூன்று, ஆன் விகுதி ஆண்பால் படர்க்கைக்குரியது. இந்தக் கருவிக்கு மீசை முளைக்கட்டும், பிறகு பார்ப்போம்.

'நீராவிக் கழுவி' என்று எவராவது முந்திக்கொள்ளுமுன் அதற்கும் தடை சொல்லிவிடுகிறேன். தூசுறிஞ்சி தூசை உறிஞ்சுகிறது. அது இரண்டாம் வேற்றுமைத் தொகை. அந்த வாய்ப்பாட்டில் நீராவிக் கழுவி நீராவியைக் கழுவும். ஆவிக்கு ஏது அழுக்கு?

கொட்டாஞ்சேனையான் | செவ்வாய், முற்பகல் 11.34

அப்ப மின்விசிறி மின்சாரத்தையா விசிறுது ஐயா?

சொல்லாய்வான், பம்பலப்பிட்டி | செவ்வாய், பிற்பகல் 2.15

மதியச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு யோசித்தேன். மின்விசிறி மூன்றாம் வேற்றுமை. மின்னால் விசிறுவது. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கழுவுதல் நீரால் நடப்பது. இந்தக் கருவி கழுவவில்லை. வேதுவைப் பிடித்து ஊத்தையை இளக்குகிறது.

வேது! தடிமன் பிடித்தால் நொச்சியும் வேப்பிலையும் போட்டுக் கொதிக்கவைத்துப் போர்வைக்குள் இருந்து பிடித்தோமே, அந்த வேது. வே என்ற வேரிலிருந்து வேகு, வேக்காடு, வெம்மை, வெந்நீர், வெயில் எல்லாம் ஒரே குடும்பம். இரண்டே எழுத்து. பட்டியில் இடம் மிஞ்சும். வேதுத்துடைப்பம். முடிந்தது கதை.

பௌதிக மாஸ்ரர், தெஹிவளை | செவ்வாய், பிற்பகல் 2.40

குசினி நிலத்துக்கு என்ன, தடிமனா பிடிச்சிருக்கு?

சென்னைத் தோழி | செவ்வாய், மாலை 4.10

சார், வேது என்பது வடமொழியில் வியர்வைக்குச் சொல்லும் 'சுவேத'த்திலிருந்து வந்ததாகவும் ஒரு கட்சி உண்டு. ஆயுர்வேதத்தில் வியர்க்க வைக்கும் சிகிச்சையும் அந்தச் சொல்தான். தூய தமிழ் என்று நீங்கள் கையில் எடுத்தது தூய்மைச் சோதனையில் தோற்றால் என்ன செய்வீர்கள்?

இன்னொன்று. துப்புரவு என்ற சொல்லை நாங்கள் கொஞ்சம் ஒதுக்குகிறோம். இங்கே துப்புரவுத் தொழிலாளரை இப்போது தூய்மைப் பணியாளர் என்றுதான் அரசே எழுதுகிறது.

சொல்லாய்வான், பம்பலப்பிட்டி | செவ்வாய், இரவு 10.55

அம்மணி, சுவேதத்தில் சகரம் போய் வேது ஆனதென்றால் வேகு, வெந்நீர் எல்லாம் எங்கிருந்து வந்தன? வேர் இல்லாத மரத்துக்குக் கிளை மட்டும் வெளிநாடா?

இருக்கட்டும். 'அவி'யையும் பார்க்கவேண்டும். புட்டு அவிக்கிறோம், இடியப்பம் அவிக்கிறோம். 'அவிசொரிந் தாயிரம் வேட்டலின்' என்ற குறளில் வரும் அவி வேள்வித் தீயில் இடும் உணவு. அதை வடமொழி என்பார்கள். விளக்கு அவிந்தது என்னும்போது வேறு அவி. 'ஆன்றவிந்தடங்கிய கொள்கைச் சான்றோர்' என்று பிசிராந்தையார் பாடும்போது இன்னொரு அவி, அடங்குதல். இந்த நான்குக்கும் ஆவிக்கும் உள்ள உறவு பற்றி நான் எழுதத் தொடங்கினால் விடிந்துவிடும்.

(தொடங்கிவிட்டார். நடுவில் இருந்த நாற்பது வரியை மேற்கோளில் வெட்டியிருக்கிறேன். – வெள்ளவத்தையாள்)

ஆகவே 'அவிதுடைப்பி'யும் பரிசீலிக்கத் தக்கது.

கொட்டாஞ்சேனையான் | புதன், காலை 7.20

முட்டை தண்ணிக்குள்ள கிடந்து அவியுது, புட்டு ஆவியில அவியுது. அவி என்றால் எது ஐயா? அதோட அவிதுடைப்பி என்று பார்த்தால் என் தங்கச்சி புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி துடைக்கிற துணி என்று நினைப்பாள்.

சென்னைத் தோழி | புதன், காலை 9.00

எல்லோரும் ஒரு சொல்லை மறந்துவிட்டோம். வெள்ளாவி! ஆவியால் அழுக்கு நீக்குவதற்குத் தமிழில் ஏற்கெனவே தொழில் இருந்தது, சொல்லும் இருந்தது. புறநானூற்றில் களர்நிலத்துக் கிணற்று நீரில் துணி வெளுக்கும் பெண்ணே வருகிறாள். ஆவி அங்கே இல்லை என்றாலும் மரபு பழையது. வெள்ளாவிக் கருவி. எவ்வளவு அழகு!

மட்டக்குளியாள் | புதன், இரவு 9.45

மூன்று வருஷமாக வாசிக்கிறேன், எழுதியதில்லை.

என் அப்பப்பா வெள்ளாவி வைத்தவர். அடியில் கிடாரம், அதில் தண்ணீர். சோடா போட்டு நனைத்த துணிகளை முறுக்கி, வட்டமாக, கிடாரத்தின் வாயைச் சுற்றி ஆளுயரத்துக்கு அடுக்குவார். ஊர்ச் சீலையெல்லாம் வெளிச்சுற்று, மெல்லிசானது உள்சுற்று. மேலே சாக்கு. பின்னேரம் நெருப்பு மூட்டினால் விடிய வரை பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். உச்சிச் சாக்கில் கையை வைத்துப் பார்ப்பார். சூடு அங்கே ஏறிவிட்டால் விறகை இழுப்பார். அவருடைய வலது உள்ளங்கையில் ரேகை இருந்ததில்லை.

அந்தச் சொல்லை வைத்துத்தான் வகுப்பில் என்னைக் கூப்பிட்டார்கள். இப்போது அது பெட்டிக்குள் அடைத்து இறக்குமதியானதும் அழகான சொல்லாகிவிட்டதா?

வேண்டாம் என்று சொல்லவரவில்லை. எடுக்கிறதென்றால் எடுங்கள். அழகு என்று மட்டும் எழுதவேண்டாம். அதோடு, வெள்ளாவியில் சோடா உண்டு, ஆவி மெதுவாக ஏறும். இந்தக் கருவி ஓர் இடுக்கில் சில நொடி பீச்சிவிட்டு நகர்கிறது. தொழிலே வேறு.

சென்னைத் தோழி | புதன், இரவு 10.30

மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா. அந்த 'அழகை' எடுத்துவிடுகிறேன். சொல்லை எடுப்பதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒதுக்கினால் அந்த அறிவையும் சேர்த்து ஒதுக்குவதாகப் படுகிறது.

மாளிகாவத்தை நானா | வியாழன், காலை 10.10

நான் இந்தச் சாமானெல்லாம் திருத்துறவன். பேர் என்னத்தை வச்சாலும் பரவால்ல. மூடிக்கு மேல என்ன எழுதுறீங்க எண்டதுதான் எனக்கு வேணும்.

போன மாசம் ஒராள் கையில மருந்துத் துணி சுத்திக்கொண்டு வந்தார். தண்ணி முடிஞ்சி எண்டு நினைச்சி மூடியத் திறந்திருக்கார். 'பிளக்கைக் கழட்டிட்டுத்தானே நானா திறந்தேன்' எண்டார். மிசினைப் பார்த்தேன். தமிழ்ல ஒட்டியிருந்தது: 'பாய்லரில் அழுத்தம் உள்ளபோது மூடியைத் திறக்காதீர்கள்.' அவர் அதை வாசிச்சித்தான் பிளக்கைக் கழட்டினாராம்.

பௌதிக மாஸ்ரர், தெஹிவளை | வியாழன், காலை 10.25

இதை மூன்று நாளாக யாரும் பார்க்கவில்லையே, நானும்தான்!

சென்னையில் அழுத்தம் என்றால் நாம் அமுக்கம் என்பது. இலங்கைப் பாடநூலில் அழுத்தம் மின்னுக்குரியது. 230 வோல்ற்று என்றால் அதுதான் எங்கள் பிள்ளைக்கு அழுத்தம். அந்த மனிதர் சரியாகத்தான் வாசித்திருக்கிறார். பிளக்கைக் கழற்றினால் அழுத்தம் இல்லை. அமுக்கம் உள்ளேயே இருக்கிறது!

வெளிக்காற்றைவிட அமுக்கம் 3 பார் கூடுதலாக இருந்தால் உள்ளே தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை. ஏறக்குறைய 143 பாகைக்குப் போய்விடும். மூடி கழன்ற கணத்தில் அமுக்கம் விழும். அந்தச் சூட்டில் தண்ணீராக நிற்க முடியாமல் ஒரு பங்கு அப்படியே பொங்கி ஆவியாகப் பாயும். ஒரு பங்கு தண்ணீர், ஆவியானால் 1600 பங்குக்கு மேல் இடம் கேட்கும். அதற்குக் குறுக்கே அவருடைய கை.

வெள்ளவத்தையாள் | வியாழன், பிற்பகல் 12.05

நேற்று இரவு நான் 11 இடத்தில் 'அழுத்தம்' என்று விட்டிருக்கிறேன். சென்னை மாதிரியிலிருந்து வந்தது. இப்போது எல்லாவற்றையும் மாற்றுகிறேன். மூடிக்கு இப்படி: 'பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே அமுக்கம் இருக்கும். கைப்பிடி விசையை அழுத்திக் கொதிநீராவி முழுவதையும் வெளியேற்றி, ஆறவிட்டு, அதன் பிறகே மூடியைத் திறக்கவும்.' நீளம்தான். கைப்பிடிப் பட்டியில் வராது, கொதிகலன் பக்கத்தில் ஒட்டச் சொல்கிறேன்.

நானா, வேறு என்ன எழுதவேணும்?

மாளிகாவத்தை நானா | வியாழன், பிற்பகல் 12.40

பிளக் பொயின்ற்றுக்குக் கிட்ட அடிக்கவேணாம் எண்டு எழுதுங்க. பொலிஷ் இல்லாத பலகைக்கு அடிக்கவேணாம், ஊதிப்போகும். குளிர்ந்த கண்ணாடிக்கு ஒரேயடியா அடிச்சா வெடிக்கும். யாழ்ப்பாணத்துக்கு அனுப்புறவங்களுக்கு, கிணத்துத் தண்ணி ஊத்தவேணாம் எண்டு தனியா எழுதுங்க. அங்க சுண்ணாம்புக் கல்லுத் தண்ணி, உள்ளுக்குப் படிஞ்சிரும். கொழும்புக் குழாய்த் தண்ணி களனி கங்கையும் லபுகம பக்கமும் இருந்து வாறது, அவ்வளவு மோசமில்லை. மூட்டைப்பூச்சிக்கு நல்லம் எண்டும் போடுங்க, அதுக்குத்தான் ஆக்கள் வாங்குறாங்க.

சொல்லாய்வான், பம்பலப்பிட்டி | வியாழன், மாலை 5.30

எச்சரிக்கை நன்று. ஆனால் பெயர் இன்னும் வைக்கவில்லையே. விளங்கினால் போதும் என்ற கட்சிக்கு ஒன்று சொல்கிறேன். புகையிரதம் என்று 1864இல் வந்த வண்டிக்குச் சொன்னோம். இன்று மருதானை நிலையத்தில் நிற்பது டீசல். புகைக்காகப் பிடித்த பேர், ரதம் வேறு கடன். ஆனாலும் பலகையில் அதுதான் தொங்குகிறது. அன்றைக்கு அவசரப்பட்டவரும் ஒரு வெள்ளிக்கிழமையில்தான் கொடுத்திருப்பார்.

கொட்டாஞ்சேனையான் | வியாழன், மாலை 5.41

ஆனால் ஆருக்கும் விளங்காமல் ரெயின் தவறினதில்லை ஐயா.

வெள்ளவத்தையாள் | வெள்ளி, காலை 6.50

இரவு வரை வந்த கணக்கு: கொதிநீராவித் துப்புரவுக் கருவி 6. ஸ்ரீம் கிளீனர் என்றே விடலாம் 3. வெள்ளாவி 2. வேது 1, அது யார் என்று சொல்லத் தேவையில்லை. மட்டக்குளி அக்கா வாக்களிக்கவில்லை.

15 எழுத்து. எனக்கும் பெரிய விருப்பமில்லை. துப்புரவு பற்றிச் சென்னையின் தயக்கத்தையும் மறக்கவில்லை, ஆனால் கொழும்பில் அது இன்னும் வேலையைத்தான் சொல்கிறது. முதல் பக்கத்தில் 'ஸ்டீம் கிளீனர் எனப்படும்' என்று ஒரு தரம் போட்டிருக்கிறேன். அமுக்கம் எல்லா இடத்திலும் அமுக்கம். அனுப்பிவிட்டேன்.

வெள்ளவத்தையாள் | அடுத்த புதன், பிற்பகல் 3.15

அச்சான பட்டி வந்திருக்கிறது. மூடி எச்சரிக்கை முழுதாக, சரியான இடத்தில் இருக்கிறது. கைப்பிடிப் பட்டிக்கு 5 சென்ரிமீற்றர் போதவில்லை. அச்சகத்தில் கேட்காமலே வெட்டிவிட்டார்கள். எல்லாக் கைப்பிடியிலும் 'கொதிநீராவித் துப்புரவுக் கரு' என்று இருக்கிறது.

சொல்லாய்வான், பம்பலப்பிட்டி | அடுத்த புதன், பிற்பகல் 3.22

பதறவேண்டாம். கரு என்பது தவறல்ல. கருவி என்பதற்கு வேரே கரு என்று கொள்ள இடமுண்டு. கரு, கரணம், கரம் ஆகியவற்றை வடமொழிக்குத் தாரைவார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி. கருக்கொள்ளுதல் என்னும்போது…