இழை: ‘ஏப்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் வேண்டும்

ஆசிரியை, தேனி:
குழுவினருக்கு வணக்கம். தான்சானியாவின் கோம்பே காட்டுச் சிம்பன்சிகள் பற்றிப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கையேடு தயாரிக்கிறோம். 1960இல் ஆய்வாளர் ஜேன் குடால் அங்கே கண்டதுதான் முதல் பாடம்: புல் தண்டைப் புற்றுக்குள் நுழைத்து, அதில் ஒட்டிக்கொண்டு வரும் கறையானை உதட்டால் வழித்துத் தின்ற சிம்பன்சி. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சிம்பன்சி, கொரில்லா போன்ற வாலில்லாத இனங்களை ஆங்கிலத்தில் ஏப் (ape) என்கிறார்கள், அதற்கு மனிதக் குரங்கு என்று எழுதினேன். “சிம்பன்சி குரங்கு அல்ல, மனிதக் குரங்கு” என்ற வரியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். படித்துப் பார்த்த ஒரு மாணவி, “அப்போ அதுவும் குரங்குதானே டீச்சர்?” என்றாள். நல்ல சொல் தாருங்கள்.

தமிழாசிரியர், தஞ்சை:
முதுகெலும்பிலி என்கிறோமே, அதே வழியில் ‘வாலிலி’ என்று வைக்கலாம். குரங்கு என்ற சொல்லே இங்கே பொருந்தாது. குரங்குதல் என்றால் வளைதல், தொங்குதல். தொடையைக் குறிக்கும் ‘குறங்கு’ வேறு, அதற்கு வல்லின றகரம். தொல்காப்பியர் “குரங்கும் முசுவும் ஊகமும் மந்தி” என்று மூன்றையும் தனித்தனியே சொல்லிவிட்டுப் பெண்ணுக்கு மட்டும் ஒரே பெயர் தருகிறார். இனம் பிரித்துப் பார்த்த மரபு நமக்கு உண்டு. அதை விட்டுவிட்டு மனிதக் குரங்கு என்பது வெறும் ஒட்டுவேலை.

விலங்கியலாளர், கோவை:
ஐயா, தொங்குதல்தான் பொருள் என்றால் கையால் கிளைக்குக் கிளை தொங்கிப் போகும் கிப்பனுக்குத்தான் அந்தப் பெயர் முதலில் பொருந்தும். கிப்பனும் ஏப்தான்! வாலிலியும் நிற்காது. ஜிப்ரால்டரில் இருக்கும் பார்பரி மக்காக் என்ற குரங்குக்கு வால் இல்லை, ஆனால் அது ஏப் இல்லை. அவ்வளவு தூரம் ஏன், 2022இல் சரணாலயம் அறிவித்தார்களே கடவூர், அங்குள்ள தேவாங்குக்கும் வெளியே தெரிகிற வால் கிடையாது. அது குரங்கே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊர் மக்காக்கும் லங்கூரும் தென் அமெரிக்கக் குரங்குகளைவிடச் சிம்பன்சிக்குத்தான் நெருங்கிய சொந்தம். இவை எல்லாம் குரங்கு என்றால் சிம்பன்சியும் குரங்குதான், நாமும்தான். அந்த மாணவி கேட்டது சரியான கேள்வி.

மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்:
வானரம் என்று சொன்னால் என்ன? எல்லாருக்கும் விளங்கும்.

தமிழாசிரியர், தஞ்சை:
வடசொல். அனுமன்தான் நினைவுக்கு வருவார். பாடநூலுக்கு ஆகாது.

மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்:
பிள்ளைக்கு விளங்காத தூய சொல்லை வைத்து என்ன செய்வது ஐயா? குரங்கு, தேவாங்கு, மனிதர் எல்லாம் அடங்கும் பிரைமேட் வரிசைக்கு ‘முதனி’ என்று எழுதுகிறார்கள். 1758இல் உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் இந்த வரிசையைத் தலைவரிசை என்று வைத்த கருத்து அதில் அப்படியே இருக்கிறது, அழகான சொல். ஆனால் வகுப்பில் யார் சொல்கிறார்கள்? மலாய்க்காரர் ஓராங் ஊத்தான், காட்டு மனிதர், என்றார்கள். மனிதச் சாயலைப் பெயரில் வைப்பது பிழை இல்லை. மனிதக் குரங்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

விலங்கியலாளர், கோவை:
என் வாக்கும் அதற்கே. சொல்லை மாற்றுவதைவிட அந்த வரியை மாற்றுங்கள் அம்மா. “மனிதரும் சிம்பன்சியும் ஒரே மூதாதையிடமிருந்து சுமார் 60–70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த கிளைகள்” என்று எழுதுங்கள். மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால் இன்னும் குரங்கு ஏன் இருக்கிறது என்று கேட்கும் பிள்ளைக்கும் அதில் பதில் இருக்கிறது.

ஆசிரியை, தேனி:
நன்றி. வரியை அப்படியே மாற்றிக்கொள்கிறேன். முதல் இடத்தில் ‘மனிதக் குரங்கு எனப்படும் ஏப்’, பிறகு ஏப். நேரம் இல்லை, இதோடு அனுப்புகிறேன்.

தமிழாசிரியர், தஞ்சை:
கையேட்டுக்குச் சரி. கலைச்சொல் பட்டியலில் ‘ஏப்’ ஏறுவதை நான் ஏற்கவில்லை. தேவாங்குக்கு ஏற்கெனவே தனிப் பெயர் இருக்கிறது, பார்பரி மக்காக் ஒன்றுக்காக வாலிலியைத் தள்ளவும் வேண்டாம். பட்டியல் குழு கூடும்போது மறுபடி எழுதுவேன்.