கரண்ட் கட்டில எடுத்த டேக் தான் கடைசியில மிஞ்சிச்சு

வெள்ளவத்தை அனெக்ஸ்காரன்:
நான் இருக்கிறது வெள்ளவத்தையில கடல் பக்கம் இறங்குற ஒரு லேன்ல. ஒரு பக்கம் கோச்சி (ரயில்), மற்றப் பக்கம் கோல் ரோட் பஸ், இதுக்கு நடுவில தான் சொந்தமாப் போட்ட அஞ்சு பாட்ட ரெக்கோர்ட் பண்ணோணும் எண்டு 2021 கடைசியில தலைக்குள்ள ஏறிச்சு. ஸ்டூடியோக்குக் காசு மணித்தியாலக் கணக்கு, நானோ ஒரு பாட்டில நாப்பது தரம் பிழை விடுற ஆள், அதால வீடு தான் சரி எண்டு செகண்ட் ஹேண்ட்ல ஸ்கார்லெட் சோலோ எண்ட இண்டர்ஃபேஸும் (மைக்கையும் கிட்டாரையும் லப்டொப்போட இணைக்கிற பெட்டி), சின்னச் சத்தத்தையும் பிடிக்கிற பெரிய கன்டென்சர் மைக் ஒண்டும் எடுத்தன். மைக்குக்குக் கரண்ட் குடுக்கிற 48 வோல்ட் பட்டன (ஃபேண்டம் பவர்) அமத்திப்போட்டு ஹெட்ஃபோன போட்டா ஃபேன், ஃபிரிட்ஜ், பக்கத்து வீட்டு மிக்சி, காகம் எல்லாம் அவ்வளவு தெளிவு, கிட்டார மட்டும் காணேல்ல.

கிட்டாருக்கு நடு ஓட்டைக்கு நேர மைக்க வச்சது என்ட முட்டாள்தனம், பானைக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி "பூம்" எண்டு தான் வரும். பிறகு கிட்டார் கழுத்தில 12ஆவது ஃப்ரெட் (குறுக்குக் கம்பி) பக்கம் திருப்பி, ஒரு சாண் தள்ளி வச்சன், அதோட கம்பிச் சத்தம் வெளிக்க வந்திச்சு.

ஒரு பின்னேரம் விரல் எல்லாம் சொன்னபடி கேக்குது, இன்ட்ரோ முழுக்க ஒரு பிழை இல்ல, ரெண்டாவது சரணத்துக்கு வரேக்க பாண்காரன்ட ஓட்டோ பீத்தோவன்ட மியூசிக்க அலறவிட்டுக்கொண்டு லேனுக்குள்ள திரும்பிச்சு. அந்த ஃபைல் இன்னும் இருக்கு, அழிக்க மனசில்ல.

இதெல்லாம் பரவாயில்ல, எலக்ட்ரிக் கிட்டார செருகினா "ங்ங்ங்" எண்டு ஒரு இரைச்சல், அது தான் ஆளக் கொண்டிச்சு. கேபிள் ரெண்டு மாத்தினன், சல்லி போனது தான் மிச்சம். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்களே, அந்த நாள்ல ஒரு ராத்திரி, பக்கத்து ஃபிளாட் ஜெனரேட்டரும் நிண்ட பிறகு, மெழுகுதிரி வெளிச்சத்தில லப்டொப் பேட்டரில சும்மா ரெக்கோர்ட் அமத்தினன். இண்டர்ஃபேஸ் யூ.எஸ்.பில இருந்தே கரண்ட் எடுக்கிறதால அதுக்குப் பிரச்சினை இல்ல. ஹெட்ஃபோனுக்குள்ள ஒண்டுமே இல்ல மச்சான், இரைச்சல் முழுக்கச் செத்துப் போச்சு! வேர்வை முழங்கையால வழிஞ்சு கிட்டார்ல சொட்டுது, ஆனா ரெண்டு பாட்டும் ஒரே இருப்பில முடிஞ்சுது. கரண்ட் வந்த பிறகு ஒவ்வொண்டாச் செருகிச் செருகிப் பாத்தன், குற்றவாளி லப்டொப் சார்ஜர். எர்த் இல்லாத ரெண்டு முள்ளு அடப்டர். இப்ப ரெக்கோர்ட் பண்ணேக்க சார்ஜர கழட்டிருவன், அவ்வளவு தான், அதுக்கு ஒரு சதமும் போகேல்ல.

கொட்டாஞ்சேனைக்காரி:
சிரிச்சு முடியல. எனக்கு யாரோ முட்டைத் தட்டு ஒட்டுனா சத்தம் வராதுன்னு சொல்லி, கடை கடையா அலைஞ்சு எழுவது தட்டு சேத்து சுவர் முழுக்க ஒட்டினேன். வெளிச் சத்தம் ஒரு துளி கொறையல, கரப்பான் தான் குடி வந்துச்சு, வீட்டுக்கார அன்ரி மூஞ்சிய பாத்திருக்கணும். அறைக்குள்ள எதிரொலிய கொறைக்க பாரமான துணி தான் வேணும், அம்மாட அலுமாரிய தொறந்து வச்சு சாரிங்க முன்னாடி உக்காந்து பாடுறேன், அது போதும். மைக்கும் எஸ்.எம். 57ன்னு ஒரு டைனமிக் மைக், கன்டென்சர் மாதிரி ஃபேண்டம் பவர் தேவையில்ல, கிட்டத்துல வச்சு வாசிச்சா தெருச் சத்தம் பின்னுக்கு போயிரும். கன்டென்சர குறை சொல்லல, அமைதியான அறை இருக்கிறவங்களுக்கு அது.

தெஹிவளை பேஸ் கிட்டார்:
எனக்குச் சத்தம் பிரச்சினை இல்ல, லேட்டா கேக்கிறது தான் பிரச்சினை. தட்டினதுக்குப் பிறகு தான் ஹெட்ஃபோன்ல வரும், ரிதம் எல்லாம் சறுக்கும், ஆறு மாசமா என்ட விரல தான் சந்தேகப்பட்டன். பஃபர் (லப்டொப் ஒரு தரத்தில சேத்து வச்சு அனுப்புற சத்தத் துண்டு) 512ல இருந்திருக்கு, 44.1 கிலோஹேர்ட்ஸ்ல அது மட்டுமே 11 மில்லிசெக்கனுக்கு மேல, உள்ள போக ஒருக்கா, திரும்பி வர ஒருக்கா. சத்தத்த லேட் இல்லாம அனுப்புற அஸியோ டிரைவர் போட்டு 128க்கு இறக்கினன், சரி. மிக்ஸ் பண்ணேக்க மறுபடி ஏத்திருங்க, இல்லாட்டி லப்டொப் திணறும். ரெக்கோர்ட் பண்ற சொப்ட்வேர் ரீப்பர், 60 நாள் சும்மா பாக்கலாம், லைசென்ஸ் 60 டொலர். நான் "பிறகு வாங்குவம்" எண்டு இழுத்தடிச்ச அந்த 2022ல டொலர் 200ல இருந்து 360க்குப் போச்சு, 12,000 ரூவாக்கு முடிஞ்சிருக்க வேண்டியது 21,000 தாண்டிச்சு. சோம்பேறித்தனத்துக்கு வரி.

வெள்ளவத்தை அனெக்ஸ்காரன்:
கொட்டாஞ்சேனை அக்கா, அலுமாரி ஐடியா இண்டைக்கே செய்யிறன். மிச்சம் மூண்டு பாட்டும் ராத்திரி கடைசிக் கோச்சிக்குப் பிறகு தான், ஃபிரிட்ஜ நிப்பாட்டிப்போட்டு. போன முறை திரும்பப் போட மறந்து அம்மா குடுத்து விட்ட மீன் குழம்பு முழுக்க நாறிப் போச்சு, அதால இப்ப வீட்டுத் திறப்ப (சாவிய) ஃபிரிட்ஜுக்குள்ள வச்சிட்டுத் தான் ரெக்கோர்ட் அமத்துறன், வெளிக்கிடேக்க எப்பிடியும் திறக்கத் தானே வேணும்.