காரில் தனியாக ஹாட்யாய்: ராத்திரி எங்கே போகலாம்?

வணக்கம். சிங்கப்பூர் காரில் தனியாக, மலேசியாவின் பினாங்கு வழியா தாய்லாந்தின் ஹாட்யாய் போறேன். நான் தன்பால் ஈர்ப்பாளன். மலேசியாவுக்குள் போக விஇபி அனுமதி, டோலுக்கு டச் அண்ட் கோ அட்டை, உட்லண்ட்ஸ் எல்லையைத் தாண்ட டேங்க் முக்காலாவது நிரம்பியிருக்கணும்ங்கிற விதி, மலேசியாவில் ரோன்95 பெட்ரோல் நமக்குக் கிடையாது, இதெல்லாம் தெரியும். அதை விடுங்க.

கேள்வி ராத்திரியைப் பத்தித்தான். சிங்கப்பூரில், ஆண்களுக்கிடையேயான உடலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப் பிரிவை நீக்க 2022-லேயே நாடாளுமன்றம் சம்மதிச்சாச்சு. நம்மாட்கள் பார்கள் இருக்கும் நீல் ரோட்டில் நிம்மதியா உட்காரலாம். மலேசியாவில் அந்த மாதிரிச் சட்டம் இன்னும் இருக்கு. பகலில் பினாங்கின் ஜார்ஜ்டவுன் சுத்திட்டு, ராத்திரி அறையிலேயே இருப்பதுதான் நல்லதா? டேட்டிங் ஆப்பை எல்லைக்கு முன்னாலயே அழிச்சிடணுமா?

தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் ஆணும் ஆணும் பதிவுத் திருமணமே செய்யலாம். ஆனா ஹாட்யாய் பேங்காக் இல்லையே! நம்மாட்கள் கூடும் பார் எது? அங்கிருந்து நடந்தே திரும்புற தூரத்தில், கார் நிறுத்த இடமுள்ள ஹோட்டல் வேணும். கார் ஓட்ட, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் மது வரம்பு சிங்கப்பூரில் 80 மில்லிகிராம், தாய்லாந்தில் 50தான்.