கோதுமையை நிறுத்தி எவ்வளவு நாளில் தேறினீர்கள்? சீலியாக் அனுபவங்கள்

கோவையிலிருந்து:

எது தேறுவதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எனக்கு வயிற்றுப்போக்கு பெரிதாக இல்லை, தீராத ரத்தசோகைதான். இரும்புச்சத்து மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. சீலியாக் என்றால் கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பழுதாகி, சாப்பிட்ட சத்து உடம்பில் சேராமல் போவது. 2016இல் வந்த ஓர் ஆய்வின்படி இந்த நோய் வட இந்தியாவில் ஆயிரத்தில் எட்டொன்பது பேருக்கு, தெற்கில் பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தான். அதனால் இட்லி தின்கிற ஊரில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஒருவழியாக டிடிஜி (இந்த நோயில் ரத்தத்தில் ஏறும் எதிர்ப்புப் பொருள்) ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, குடல் சதையைத் துளி எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி என்று போய்த்தான் தெரிந்தது.

கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எல்லாம் போயின. உப்புசம் சில வாரங்களில் அடங்கிவிட்டது. சோர்வு மட்டும் விடவில்லை. டிடிஜி அளவும் கொஞ்சம் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் உணவியல் நிபுணர் அஞ்சறைப்பெட்டி, மசாலா பாக்கெட், எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். பெருங்காய டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்: கோதுமை மாவு. கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் அது உண்டாம். சாம்பார், ரசம், மோர் என்று மூன்று வேளையும் உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது! இப்போது அரிசி மாவு சேர்த்ததைத் தேடி வாங்குகிறேன். அதற்கப்புறம்தான் டிடிஜி இறங்கியது, ஹீமோகுளோபினும் ஏறத் தொடங்கியது.

டெல்லியிலிருந்து, ஒரு அம்மா:

எங்கள் மகளுக்கு முதலில் முகம் தெளிந்தது, அப்புறம் எடை, உயரம் கடைசியில். முகத்தின் சிடுசிடுப்பு போனதைத்தான் நாங்கள் முதலில் கவனித்தோம். பிள்ளைகளுக்குக் குடல் சீக்கிரம் ஆறும் என்று டாக்டர் சொன்னது பலித்தது.

ஆரம்பத்தில் பால் குடித்தாலே வயிறு வலிக்கும். பாலின் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற நொதி குடலுறிஞ்சிகளின் (சிறுகுடலின் உள்சுவரில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள்) நுனியில்தான் இருக்கிறது. அவை தேய்ந்திருந்தால் பால் ஒத்துக்கொள்ளாது. கொஞ்ச காலம் நிறுத்திவிட்டுத் தயிரில் ஆரம்பித்தோம். இப்போது பாலும் குடிக்கிறாள். இங்கே பெரிய தொல்லை மாவு மில்தான்: கோதுமை அரைத்த கையோடு அதே இயந்திரத்தில் நம் அரிசியையும் போடுவார்கள். வீட்டுக்கே சின்ன அரவை இயந்திரம் வாங்கிவிட்டோம்.

மதுரையிலிருந்து, ஐம்பதைத் தாண்டியவன்:

கோவை அக்கா சொன்னதற்கு ஒரு வார்த்தை. எனக்கு வயிறும் சரி, டிடிஜியும் நார்மல். ஆனால் மறு பயாப்ஸியில் குடல் முழுசாக ஆறவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது, டாக்டரோ பதறவே இல்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2010இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னார்: பெரியவர்களில் 2 வருடத்தில் மூன்றில் ஒருவருக்குத்தான் குடல் ஆறியதாம், 5 வருடத்தில் மூன்றில் இருவருக்கு. எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். எனக்குக் குறைவாகத்தான் இருந்தது. கால்சியமும் வைட்டமின் டியும் ஓடுகிறது.

ஒரு சந்தேகம். வெளியூர் போனால் நீங்களெல்லாம் என்ன சாப்பிடுகிறீர்கள்? புரோட்டா போட்ட கல்லிலேயே தோசை வார்க்கிறார்கள், தனிக் கல் கேட்டால் மேலும் கீழும் பார்க்கிறார்கள். நான் சோறு, தயிர், வாழைப்பழத்தோடு காலத்தை ஓட்டுகிறேன்.