கூண்டைக் கழற்றிய பிறகு கொட்டகைக்குள் பார்த்தவை

பண்ணை வைத்தியர் எழுதியது

முட்டைக் கோழிப் பண்ணைகளுக்கு மருத்துவம் பார்க்கப் போகிறவன் நான். கொட்டகைக்குள் நுழைந்ததும் ஒரு கோழியைப் பிடித்து நெஞ்சை வருடிப் பார்ப்பது என் வழக்கம். மார்பெலும்பின் விளிம்பு இரண்டு விரல்களுக்கு நடுவே கோடு பிடித்ததுபோல் நேராக ஓட வேண்டும். நடுவில் முடிச்சோ வளைவோ தட்டுப்பட்டால், அந்த எலும்பு எப்போதோ முறிந்து தானாகக் கூடியிருக்கிறது என்று பொருள். தீவனம் தின்னும், முட்டையும் இடும். அதனால் வெளியே நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

சில காலத்துக்கு முன் ஒரு பண்ணைக்குப் போனேன். கூண்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு, பல அடுக்குப் பரண்கள் கொண்ட புதிய கொட்டகை கட்டியிருந்தார்கள். கீழே நல்ல உலர்ந்த கூளம், மேலே உட்காரக் கட்டைகள், தாராளமான இடம். உரிமையாளர் பெருமையோடு சுற்றிக் காட்டினார், அந்தப் பெருமையில் நியாயமும் இருந்தது. ஆனால் பிடித்த கோழிகளில் பாதிக்கு நெஞ்சில் முடிச்சு! கூண்டில் வளர்ந்த கோழிகளிலும் இந்த முறிவைப் பார்த்திருக்கிறேன் என்றாலும், இந்த அளவு என்னை உறுத்தியது. விளக்கணைக்கும் நேரம் வரை அங்கேயே இருந்தேன்.

காரணம் அப்போது தெரிந்தது. மொத்த விளக்கும் ஒரே சொடுக்கில் அணைந்தது. மேலே ஏறிக்கொண்டிருந்தவை பாதி வழியில் இருட்டில் சிக்கின. கண் தெரியாமல் தாவி, கம்பியில் மோதி, கீழே விழும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

கோழி ஏறுவதில் கெட்டி, இறங்குவதில்தான் தடுமாறும். இறங்கும் கோணம் 45 பாகைக்கு மேல் செங்குத்தானால் அதன் தரையிறக்கம் தடுமாறிவிடுகிறது. எலும்பும் முன்போல் இல்லை. ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். இரவில் ஓடு உருவாகும்போது தீவனத்திலிருந்து வருவது போதாவிட்டால் உடல் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட உடம்போடுதான் அது இரும்புக் கம்பியில் மோதுகிறது.

அடுக்குகளுக்கு இடையே சாய்வுப் பலகை வையுங்கள், விளக்கைப் படிப்படியாக மங்கச் செய்யுங்கள், கீழடுக்கு விளக்கு முதலிலும் உச்சி விளக்கு கடைசியிலும் அணையட்டும் என்று சொன்னேன். வெளிச்சம் இருக்கும் பக்கம் கோழி தானாக ஏறிப்போகும். சொன்னபடி செய்தார்கள். அடுத்த தொகுதிக் கோழிகளில் முடிச்சுகள் கண்ணுக்குத் தெரியக் குறைந்திருந்தன. அந்தத் தொகுதிக்கு வளர்பருவத்திலேயே பரணும் கட்டையும் கொடுத்திருந்ததையும் சொல்ல வேண்டும். வெறும் தரையில் வளர்ந்த கோழியைத் திடீரென்று பரணில் விட்டால் அது திகைத்துத்தான் நிற்கும்.

பின்னூட்டம்: கூளக்காரன்

எங்களுடையது தரையில் தடிமனாகக் கூளம் பரப்பிய ஆழ்கூளக் கொட்டகை, சிக்கல் வேறு மாதிரி. முட்டையிட வைத்த பெட்டிகள் வரிசையாகக் காத்திருக்க, கோழிகள் மூலையில் கூளத்தில் முட்டையிட்டன. தினமும் குனிந்து பொறுக்கி முதுகு போனது. ஒரு காலை வேளை ஒரு கோழியை மட்டும் தொடர்ந்து பார்த்தேன். பெட்டி பெட்டியாக எட்டிப் பார்க்கிறது, உள்ளே போகிறது, ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே வருகிறது. நானும் குனிந்து தலையை நுழைத்துப் பார்த்தேன். பின் பலகை இடுக்கில் வெளிச்சம் அடித்தது, காற்றும் வந்தது, காலடியில் வெறும் கம்பி வலை. எந்தக் கோழி உட்காரும்? இடுக்கை அடைத்து, முன்னால் திரை தொங்கவிட்டு, அடியில் ரப்பர் விரிப்புப் போட்டோம். தரை முட்டை வெகுவாகக் குறைந்தது.

இன்னொன்று. கோழிகளுக்கு வரிசையின் கடைசிப் பெட்டிதான் பிடிக்கும். எல்லாம் அங்கேயே போய் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பது மூச்சுத் திணறிச் செத்துப்போகும். பெட்டி வரிசைக்கு முன்னால் நடுநடுவே தடுப்பு வைத்தால் அவற்றுக்கு நிறைய ‘கடைசி’கள் கிடைத்துவிடுகின்றன.

பின்னூட்டம்: முட்டைத்தட்டு

நான் வேலை பார்ப்பது கூண்டுப் பண்ணையில். கூண்டு என்றாலே கொடுமை என்று ஒரே வரியில் முடிப்பவர்களிடம் எனக்குக் கோபம் வரும். எச்சம் கீழே விழுந்துவிடுவதால் இரத்தக் கழிச்சலும் குடற்புழுவும் எங்களிடம் குறைவு. கூளம் ஈரமானால் உங்கள் கொட்டகையில் அம்மோனியா கண்ணைக் கரிக்கும், பாதம் புண்ணாகும். அதை யாரும் எழுதுவதில்லை.

ஆனாலும் ஒரு காட்சியை மறைக்க மாட்டேன். வெறும் கம்பித் தளத்தில் ஒரு கோழி பக்கவாட்டில் சாய்ந்து படுத்து, இறகைச் சிலிர்த்து, கால்களை உதறிப் புழுதிக் குளியல் போட்டுக்கொண்டிருந்தது. புழுதியே இல்லை. அலகால் தொட்டித் தீவனத்தைத் தன் பக்கம் இழுத்து இழுத்துப் பார்த்தது. குஞ்சிலிருந்து மண்ணையே பார்க்காத கோழி அது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பழைய கூண்டில் ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் இருந்தது, ஒரு ஏ4 தாளைவிடக் குறைவு. 2012இல் அதைத் தடைசெய்தார்கள். அதற்குப் பதிலாக அனுமதித்த கூண்டில் 750 சதுர சென்டிமீட்டர், முட்டையிட மறைவிடம், உட்காரக் கட்டை, கிளறக் கூளம் எல்லாம் இருக்க வேண்டும். எங்கள் முதலாளி கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

பின்னூட்டம்: இரவுக் காவல்

ஒரு சிறு சேர்க்கை. கட்டை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இரவில் கோழி ஏற மறுக்கிறது என்றால் கட்டையின் பொருத்துகளைப் பாருங்கள். எங்களிடம் கொண்டைகள் வெளுத்துப்போயின, தீவனத்தை மாற்றியும் பயனில்லை. விளக்கணைந்து வெகுநேரம் கழித்து டார்ச்சோடு போய்க் கட்டையின் அடியில் விரலைத் தேய்த்தேன், விரல் சிவந்தது. அவ்வளவும் இரத்தம் குடித்த செள்ளுப் பூச்சி. பகலெல்லாம் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் ஏறுவதால் பகலில் கோழியைப் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. கட்டையை ஆணி அடித்து நிரந்தரமாக்காமல், கழற்றிச் சுத்தம் செய்யும்படி பொருத்துங்கள். குழாயைக் கட்டையாகப் போட்டிருந்தால் இரு முனைகளையும் அடைத்துவிடுங்கள்.