மிகுபகு எண்ணா, மிகுகாரணி எண்ணா?

செ.:
அன்பர்களே, பள்ளிக் கணிதக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, ஒரு சொல் மட்டும் இடிக்கிறது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் உள்ள எண்ணை எப்படி அழைப்பது? 1915இல் ராமானுஜன் நீண்ட கட்டுரை எழுதினாரே, அதே எண்கள்தான். என் எடுத்துக்காட்டு 293318625600. அதற்குக் காரணிகள் 5040. ராமானுஜன் பட்டியலில் இது விடுபட்டுப்போனது. இதன் 23 மடங்கான 6746328388800 கடைசி எண்ணாக அங்கே இருக்கிறது! இப்போதைக்கு 'மிகுபகு எண்' என்று போட்டிருக்கிறேன்.

ந.:
2உம் இந்த வகைதான். பகா எண்ணைப் போய் மிகுபகு எண் என்பீர்களா? அப்புறம், 4096ஐப் பன்னிரண்டு 2களாகப் பகுக்கலாம், ஆனால் காரணிகள் 13தான். 5040ஐ உடைத்தால் எட்டே பகா எண்கள், காரணிகளோ 60. எத்தனை துண்டாகிறது என்பதா கணக்கு? எத்தனை எண்களால் மீதியின்றி வகுபடுகிறது என்பதல்லவா? 'மிகுவகு எண்' என்று வையுங்கள்.

மு.:
வகு, பகு இரண்டும் ஒரே வேர் என்பது என் துணிபு. பகலும் பகுவின் பிள்ளையே. பட்டினப்பாலையின் நுகத்துப் பகல், அதாவது நுகத்தடியின் நடுவாணி, நடுவில் நின்று இருபுறமும் பிரிப்பதைக் காண்க. வள்ளுவரோ 'வகுத்தான் வகுத்த வகையல்லால்' என்று தொடங்கி, அதே அடியில் கோடியையும் வைத்துவிட்டார். காரணி வடசொல்வழி வந்தது. அதைக் கையேட்டில் காண்பதே வருத்தம். 'வகுமிகை எண்' என்க.

செ.:
ஐயா, கோடி தொகுத்தாலும் வெள்ளிக்கிழமை தள்ளிப்போகாது. 'மிகை எண்' கையேட்டில் ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கிறது. 12ஐ விட்டு அதன் மற்றக் காரணிகளைக் கூட்டினால் 16, அதனால் 12 மிகை எண். பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள். காரணி அவர்களுக்குத் தெரிந்த சொல்.

யோ. (யாழ்ப்பாணம்):
எங்கள் பாடநூல்களில் பகா எண் முதன்மை எண், பகு எண் சேர்த்தி எண். பகுவில் கட்டினால் இங்கே தனி விளக்கம் வேண்டும். காரணி இரு கரைக்கும் பொது, ஆகவே என் வாக்கு 'மிகுகாரணி எண்'. அது நிற்க, அந்த எண்ணை எப்படி வாசிப்பீர்கள்? எமக்கு 293 பில்லியன் என்றால்தான் வாயில் நுழையும்.

செ.:
29331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. சரி, மிகுகாரணி எண் என்றே அனுப்புகிறேன். ஐயா பொறுத்தருள்க.

மு.:
பொறுக்கவில்லை. பதிவு செய்துகொள்க.

ந.:
ஒரு நிமிடம். 24க்கும் 8 காரணிகள், 30க்கும் 8 காரணிகள். 24 தேறும், 30 தேறாது. சிறியவற்றை எல்லாம் விஞ்ச வேண்டும் என்பதுதானே விதி? 'மிகு'வில் அது எங்கே வருகிறது? 'விஞ்சுகாரணி எண்' என்று இன்னும் மாற்ற முடியுமா?

செ.:
மெய்ப்பு போய்விட்டது. அடுத்த பதிப்பில் பேசலாம்.