"பால் கறக்கிறது யாரு?": பால்பண்ணை விரிவாக்கப் பணியாளர்களின் கொட்டகை அனுபவங்கள்

தொடக்கப் பதிவு

பண்ணை பண்ணையாகப் போய் மாடு வளர்ப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் விரிவாக்கப் பணியில் சேர்ந்து 19 வருடம் ஆகிறது. சேர்ந்த புதிதில், பண்ணை வாசலில் யார் நாற்காலி போட்டு உட்காரச் சொல்கிறாரோ அவரிடமே எல்லாவற்றையும் பேசிவிட்டு வந்துவிடுவேன். ஒரு வீட்டில்தான் அந்தப் பழக்கம் மாறியது.

எட்டு கறவை மாடுகள். பாலில் செல் எண்ணிக்கை, அதாவது மாட்டின் உடலிலிருந்து பாலில் கலக்கும் வெள்ளை அணு போன்ற செல்கள், அதிகம் என்று புகார். மில்லிக்கு 2 லட்சத்தைத் தாண்டினாலே மடிக்குள் தொற்று இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். வீட்டுக்காரரிடம் மூன்று முறை போய்ச் சொன்னேன்: மடியைச் சுத்தமாகத் துடையுங்கள், கறந்து முடித்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்குங்கள். "எல்லாம் செய்றோம் சார்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. கறவை நேரத்தில் அவர் கொட்டகைப் பக்கமே வருவதில்லை, அவ்வளவுதான்.

நான்காம் முறை விடியற்காலையில், கறக்கும் நேரத்துக்கே போய் நின்றேன். கறந்துகொண்டிருந்தது அவர் மனைவி. முதல் மாட்டின் மடியை ஒரு துணியால் துடைத்தார், வாளியில் அலசிப் பிழிந்தார், அதே துணியோடு அடுத்த மாட்டுக்குப் போனார். எட்டு மாட்டுக்கும் ஒரே துணி, ஒரே வாளித் தண்ணீர்.

நான் வாயைத் திறக்கவில்லை. மடிநோய் சோதனைத் தட்டை நீட்டி, நான்கு குழியிலும் ஒவ்வொரு காம்பிலிருந்து கொஞ்சம் பீய்ச்சச் சொன்னேன். சம அளவு சோதனைக் கரைசல் விட்டு வட்டமாகச் சுழற்றினேன். மூன்று குழியில் பால் தண்ணீராகவே ஓடியது. நான்காவதில் சளி மாதிரி கெட்டியாகித் தட்டோடு ஒட்டிக்கொண்டது.

எட்டிப் பார்த்தவர், "பின்னாடி இடது காம்பா தம்பி? அது ரெண்டு மாசமா உப்புக் கரிக்குதே" என்றார்.

மடி வீங்கவில்லை, பால் திரியவில்லை. வெளியே எதுவும் காட்டாத மடிநோய். அப்படிப்பட்டதைப் பிடிக்கத்தான் கலிபோர்னியாவில் 1957-இல் இந்தச் சோதனையைக் கண்டுபிடித்தார்கள். இந்த அக்கா விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தே தெரிந்துகொண்டிருக்கிறார்.

"யார்கிட்டயும் சொல்லலையாக்கா?"

"யாரு கேட்டா?"

எனக்குச் சுருக்கென்றது. மூன்று முறை அந்த வீட்டுக்குப் போனவன் நான்தானே.

அன்றே மாட்டுக்கு ஒரு துணி என்று எட்டுத் துணி கிழித்தோம். அந்த மாட்டைக் கடைசியாகக் கறப்பது என்று முடிவானது. கறந்த கையோடு தீவனம் வைக்கச் சொன்னேன். காம்புத் துவாரம் மூட அரை மணி நேரமாவது ஆகும். தின்னுகிற மாடு அதுவரை படுக்காது. இப்போதெல்லாம் எந்தப் பண்ணைக்குப் போனாலும் முதலில் கேட்பது, "பால் கறக்கிறது யாரு?"

பதில் 1

எனக்கு இது சீம்பாலில் நடந்தது. நச்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றை ஊட்ட விட வேண்டும் என்று ஒரு பெரியவர் உறுதியாக இருந்தார். வரிசையாகக் கன்றுகள் கழிந்து செத்துக்கொண்டிருந்தன. தாயின் எதிர்ப்புச் சக்தி கருவில் இருக்கும்போது கன்றுக்குப் போய்ச் சேராது, சீம்பால் வழியாகத்தான் போக வேண்டும். குடல் அதை உறிஞ்சுவதும் முதல் ஒரு நாள்தான், அதிலும் மணிக்கு மணி குறையும் என்று விளக்கினேன். அவர் அசையவில்லை. அடுத்த ஈற்றுக்கு இரவு முழுக்க அவரோடு உட்கார்ந்திருந்தேன். 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர், எடையில் பத்தில் ஒரு பங்கு. முதல் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே ஊட்டத் தொடங்கினோம். நச்சுக்கொடியும் விடிவதற்குள் தானாக விழுந்தது. என் விளக்கம் எதுவும் அவருக்கு ஏறவில்லை. அந்த ராத்திரி ஏறியது.

பதில் 2

நான் கட்டுத்தறியில் எப்போதும் தண்ணீர் இருக்கும்படி செய்ததோடு சரி. பாலில் 87 சதவீதம் தண்ணீர்தானே. இரண்டு வேளை காட்டியது போதும் என்று நினைத்தவர்கள், ஒரே வாரத்தில் கறவை கூடியதும் தொட்டியைக் காலியாக விடுவதேயில்லை.

முதலில் எழுதியவருக்கு: அந்த மாடு என்ன ஆனது?

தொடக்கப் பதிவர்

வற்ற விடும்போது மருத்துவர் காம்புக்குள் மருந்து ஏற்றினார். இரண்டு மாதம் கழித்துக் கன்று போட்டது. சீம்பால் நின்ற பிறகு மறுபடி தட்டை எடுத்துக்கொண்டு போனேன். தட்டை அக்கா கையில் கொடுத்துச் சுழற்றச் சொன்னேன். நான்கு குழியும் தண்ணீர். ஆனாலும் பின் இடது காம்பிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார்.